பதினோராம் நிமிடம்

1998 ஜனவரி 4, ஞாயிறு

இது என் அறிவியல் ரெக்கார்டு நோட்டு. முன்னாலிருந்து திறந்தால் வெங்காயத் தோலின் செல், படமும் பாகங்களும். பின்னாலிருந்து திறந்தால் நான். யாராவது எடுத்தாலும் வெங்காயத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

அம்மாவுக்கு இந்த வாரம் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி. பெஞ்சமின் மாமா முன்னறையில் தூங்குகிறார். அவர் குறட்டை நின்றால் என் பேனாவும் நிற்கும்.

எழுத வேண்டியது ஒரு கேசட்டைப் பற்றி. உறையில் ‘தவக்காலத் தியானம், பகுதி 2’ என்று அம்மாவின் கையெழுத்து. போன மே மாதம் டிரங்குப் பெட்டியைத் துடைக்கும்போது கிடைத்தது. பகுதி 1 எங்கே என்று தேடினேன், இல்லை. சரியென்று இதைப் போட்டேன். சாமியார் யாரும் பேசவில்லை. சங்கு ஊதியது. எங்கள் ஊர் ரயில்வே ஒர்க் ஷாப் சங்கு. ஊதி நிற்கும் இடத்தில் அதே சுருதியைப் பிடித்துக்கொண்டு ஒரு கிதார் கிளம்பியது. துடைத்த துணியோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அது லூப் லைன் குழுவின் முதல் கேசட், ‘ஆறு மணிச் சங்கு’. தியானத்தின் அட்டைக்குப் பின்னால் நான்காக மடித்து அதன் சொந்த அட்டையும் இருந்தது. 1982 நவம்பர். முந்நூறு பிரதி. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன்கள் நான்கு பேரின் பெயர். ஒரு பக்கம் முழுக்க ஒரே இசை, இருபத்து மூன்று நிமிடம், பாட்டு வரிகள் கிடையாது. லூப் லைன் என்றால் ஸ்டேஷனில் ஒதுங்கி ஓடும் தண்டவாளம். எக்ஸ்பிரஸ் கடந்து போகும்வரை கூட்ஸ் வண்டி அதில் காத்து நிற்கும். அந்த இசையும் அப்படித்தான் நிற்கிறது, காத்திருக்கிறது, பிறகு நகர்கிறது.

அம்மா எப்படி உறையை மாற்றிப் போட்டாள் என்று தெரியவில்லை. டூட்டி முடிந்து வந்த தூக்கக் கலக்கமாக இருக்கும்.

இன்று லூப் லைன் என்றால் ஊருக்குத் தெரிந்தது வேறு. கல்யாண வீடுகளில் காது கிழியும் ‘ஜம்பரு ஜிகுஜிகு’. டிவியில் சலவைத்தூள் விளம்பரத்தில் ‘தோய்ச்சாச்சா, காய்ஞ்சாச்சா’. இரண்டும் அவர்கள் போட்டதுதான்.

கீபோர்டு வாசிப்பவரின் பெயரை எழுத மாட்டேன். இந்த வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் மட்டும் என் பெயருக்கு முன்னால் அதன் முதல் எழுத்து இருக்கிறது. எ. ஐரீன். தினமும் காலையில் டீச்சர் அதைச் சத்தமாக வாசிக்கிறார். எனக்கு இரண்டரை வயதில் அவர் மெட்ராஸுக்குப் போனார். அதற்குமேல் எனக்குச் சொல்லப்படவில்லை.

இன்று வந்த வாரப் பத்திரிகையில் இசைப் பக்கம் எழுதும் ‘சுருதிப்பித்தன்’ என்பவர் லூப் லைனைக் கிழித்திருக்கிறார். “இது குழு அல்ல, கடை. ஆரம்பத்தில் பிரமாதமாக வாசித்தார்கள் என்று சிலர் உருகுகிறார்கள். கடைக்கு ஏதய்யா ஆரம்பம்? அன்றைக்குச் சின்னக் கடை, இன்றைக்குப் பெரிய கடை.”

மாமாவின் குறட்டை நின்றுவிட்டது.

ஜனவரி 6, செவ்வாய்

கணக்கு டெஸ்ட், 71. பால் பொங்கும்வரை அம்மா அடுப்பு மேடையில் விரலால் தட்டிக்கொண்டே நிற்கிறாள். மூன்று, பிறகு நான்கு. மூன்று, நான்கு. நாடி பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் போலிருக்கிறது.

ஜனவரி 7, புதன்

கேட்கும் முறையை எழுதிவைக்கிறேன்.

நாலரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறேன். மாமா ஒர்க் ஷாப்பிலிருந்து ஐந்தரைக்கு வருவார். அம்மா பகலில் தூங்கி எழுந்து ரேஷனுக்கோ மார்க்கெட்டுக்கோ போயிருப்பாள். டேப் ரிக்கார்டரின் சத்தத்தை ஒன்றில் வைத்து, ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு தரையில் படுப்பேன். கன்னத்தில் அதன் கட்டம் கட்டமான வலை பதிந்துவிடும். மாமா ஒரு நாள், “என்ன பாப்பா, கன்னத்துல கொசு வலையா?” என்று கேட்டார். படித்துக்கொண்டே தூங்கிவிட்டேன் என்றேன்.

முதல் பத்து நிமிடம் கிதாரும் டிரம்ஸும். நல்ல வேகம். அதன் தாளத்தை எண்ண எனக்கு ஒரு மாதம் ஆனது. நான்காக எண்ணினால் வழுக்கிவிடும். அது ஏழு. பிறகு பதினோராம் நிமிடத்தில் எல்லாம் அடங்கி ஆர்கன் மட்டும் வரும். அதற்கும் ஏழுதான், ஆனால் யாரோ இருட்டில் படி இறங்குவது போல மெதுவாக. பின்னால் புஸ், புஸ் என்று ஒரு மூச்சு. லூப் லைனில் நிற்கும் நீராவி எஞ்சினைப் பதிவு செய்து சேர்த்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அங்கே ஓர் இடம் உண்டு. இடது கை இறங்கி வந்து ஒரு சுரத்தில் நிற்க வேண்டும். நிற்காது. ஒரு நொடி எதுவும் இருக்காது. அப்புறம்தான் அந்தச் சுரம் வரும், கதவைத் தட்டலாமா என்று யோசித்துவிட்டுத் தட்டுவது போல. அந்த ஒரு நொடிக்காகவே நான் மற்ற இருபத்திரண்டு நிமிடத்தையும் கேட்கிறேன்.

இப்படி வாசிக்கத் தெரிந்தவர் ஒரு கதவின் முன்னால் நின்று யோசிக்கத் தெரிந்தவராகத்தான் இருப்பார்.

ஜனவரி 11, ஞாயிறு

சுருதிப்பித்தனுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். பத்தாம் வகுப்புப் பெண் என்று போட்டால் குப்பையில் போடுவார்கள். அதனால் ‘கார்டு ரத்தினம், ஓய்வு, பொன்மலை’ என்று கையெழுத்திட்டேன். ரயில்வே கார்டு என்றால் ஒரு மரியாதை இருக்கும்.

சாரம் இது: “ஐயா, விளம்பரப் பாட்டை வைத்து லூப் லைனை எடை போடாதீர்கள். ‘ஆறு மணிச் சங்கு’ கேட்டிருக்கிறீர்களா? கடைக்காரன் இருபத்து மூன்று நிமிடம் வாடிக்கையாளரைக் காக்கவைப்பானா? பதினோராம் நிமிடத்தில் ஆர்கன் வாசிப்பவர் ஒரு சுரத்தைத் தாமதித்து வைக்கிறாரே, அதை விற்க முடியுமா? அது தயங்கத் தெரிந்த மனம். அந்த மனம் இன்னும் அவரிடம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.”

கடைசி வரியை இரண்டு தடவை அடித்து மூன்றாவது தடவை திரும்பவும் எழுதினேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் விடுமுறை. கோமளா வீட்டிலிருந்து கரும்பும் சர்க்கரைப் பொங்கலும் வந்தன. அம்மாவுக்குத் துணி துவைத்துக் கொடுத்தேன். யூனிஃபார்மில் டெட்டால் வாசனை போகவே இல்லை.

ஜனவரி 20, செவ்வாய்

எனக்குப் பதினைந்து முடிந்தது. அம்மா ரவா கேசரி கிண்டினாள். மாமா பேனா வாங்கித் தந்தார். தபால்காரர் எதிர்வீட்டோடு திரும்பிவிட்டார்.

ஜனவரி 25, ஞாயிறு

வந்துவிட்டது. கார்டு ரத்தினத்தின் கடிதம், கட்டம் கட்டி, அப்படியே.

பூசை முடிந்து வந்த மாமா டீ குடித்துக்கொண்டே பத்திரிகையைப் புரட்டினார். நான் கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, இதைப் பாரேன். நம்ம ஊர் ஆளு எழுதியிருக்கான். கார்டு ரத்தினமாம்.”

“எந்த ரத்தினம்?” என்றாள் அம்மா.

“அதான் யோசிக்கிறேன். நம்ம கார்டு ரத்தினம் செத்து நாலு வருசம் ஆச்சே. நான்தான் சவப்பெட்டிக்குத் தோள் குடுத்தேன். மேல போயும் பேப்பர் வாங்கிப் படிக்கிறாரா?”

கருவேப்பிலையைக் காம்போடு சேர்த்து உருவிவிட்டேன்.

மாமா முழுதும் படித்தார். முகம் மாறியது. “அந்த ஆளைப் புகழ்ந்து எழுதியிருக்கான். தயங்கத் தெரிந்த மனமாம்! பெட்டி தூக்கிட்டுப் போறப்ப எங்க தயங்குச்சு அந்த மனசு?”

அம்மா கையை நீட்டிப் பத்திரிகையை வாங்கினாள். நின்றுகொண்டே படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், “ஐரீன், அடுப்புல தாளிப்பு கருகுது” என்றாள்.

அடுப்பில் தாளிப்பு எதுவும் இல்லை.

ஜனவரி 26, திங்கள்

கடிதம் இருந்த பக்கம் பத்திரிகையில் இல்லை. கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருக்கிறது. அம்மா அலமாரித் தட்டுக்கு விரிக்க எடுத்திருப்பாள். தட்டுகளையெல்லாம் தூக்கிப் பார்த்தேன். வேறு பேப்பர்தான் விரித்திருக்கிறது.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்று மூன்று விஷயம். மூன்றும் என்னைத் தூங்க விடாது.

சுருதிப்பித்தன் பதில் எழுதியிருக்கிறார். “பொன்மலை கார்டு சொன்ன கேசட்டை ஒரு நண்பரிடம் வாங்கிக் கேட்டேன். பரவாயில்லை. ஆனால் அவர் உருகும் அந்த ‘தயக்கம்’ இருக்கிறதே, அது சுத்தமான விரல் பிசகு. மறுபடி பதிவு செய்ய வசதி இல்லாததால் விட்டிருக்கிறார்கள். தப்பிய விரலில் தத்துவம் தேடும் கார்டு ஐயா எத்தனை ரயிலைத் தவறான லைனில் அனுப்பினாரோ!”

படித்து அழுதேன், கொல்லையில், குழாயைத் திறந்துவிட்டு.

இரண்டாவது, ஸ்டேஷன் ரோடு சுவரெல்லாம் போஸ்டர். திருச்சிப் பொருட்காட்சியில் எட்டாம் தேதி மாலை ஐந்து மணிக்கு லூப் லைன். சலவைத்தூள் கம்பெனி நடத்துகிறது. கறுப்புக் கண்ணாடியோடு அவர் முகம், குடத்தளவுக்கு.

மூன்றாவது, மாமா கோயில் பாடகர் குழுவை நடத்துகிறார். தவக்காலப் பாட்டுகளைப் பதிவு செய்யக் கேசட் வேண்டுமாம். “அக்கா, டிரங்குப் பெட்டியில பழைய தியானக் கேசட் ஒண்ணு கெடக்குமே. பின்னால காதை ஒடைச்சிருந்தாலும் பரவாயில்ல, செலோ டேப்பை ஒட்டிட்டு மேலேயே பதிஞ்சுக்கலாம்” என்றார்.

அந்தக் கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காதுகளையும் யாரோ முன்பே உடைத்துத்தான் வைத்திருக்கிறார்கள், தெரியாமல்கூட மேலே எதுவும் பதிந்துவிடாதபடி. ஆனால் செலோ டேப் ஒட்டினால் எந்தக் கேசட்டும் அழியும்.

அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், “அதைத் தொடாத” என்றாள்.

“யாருக்கா அதைக் கேக்கப் போறா?”

“தொடாதன்னா தொடாத, பெஞ்சமின். புதுசு நான் வாங்கித் தர்றேன்.”

அம்மா மாமாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. தியானத்தின்மேல் அவளுக்கு அவ்வளவு பக்தி என்று எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 3, செவ்வாய்

கோமளாவின் அப்பா பொருட்காட்சியில் டெல்லி அப்பளக் கடை போட்டிருக்கிறார். கடையின் பின்பக்கம் மேடையின் பின்பக்கத்தோடு ஒட்டியிருக்கிறதாம். “வர்றியாடி? ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிடு” என்றாள்.

“ஞாயித்துக்கிழமை ஸ்பெஷல் கிளாஸா?”

“பத்தாங்கிளாஸுக்கு ஏதுடி ஞாயித்துக்கிழமை? அழுதுகிட்டே சொல்லு, நம்பிடுவாங்க.”

பயமாக இருக்கிறது. மாமாவை நினைத்து இல்லை. கீபோர்டு வாசிப்பவர் என்னைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது? கண்டுபிடிக்காவிட்டால்?

பிப்ரவரி 8, ஞாயிறு

அம்மா அடுத்த அறையில் இருக்கிறாள். விளக்கு எரிகிறது. இருந்தாலும் எழுதுகிறேன், இன்று எழுதாவிட்டால் நாளை நானே மாற்றி நினைத்துக்கொள்வேன்.

நாலு மணிக்கே போய்விட்டோம். மேடையில் ஆள் உயரச் சலவைத்தூள் பாக்கெட்டுகள். எல்லாருக்கும் கம்பெனி அட்டை விசிறி கொடுத்தார்கள். ஐந்தே காலுக்கு அவர் வந்தார். ஜிகினா கோட்டு. கூட்டம் விசிலடித்தது. கோமளா, “தொப்பை போட்டிருச்சுடி உங்க ஆளுக்கு” என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது. எனக்குப் பிடித்த பாட்டுக்காரர் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ஜம்பரு ஜிகுஜிகு. அப்புறம் சினிமாப் பாட்டு. அப்புறம் மறுபடி ஜம்பரு. வேண்டிய பாட்டைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பலாம் என்றார்கள். என்னிடம் தயாராக இருந்தது. ‘ஆறு மணிச் சங்கு, பதினோராம் நிமிடத்திலிருந்து. கார்டு ரத்தினம்.’ கை மாறி மாறி அது மேடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவர் சீட்டைப் பிரித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மைக்கில் சிரித்தார்.

“அடடே, கார்டு ரத்தினம் சார் வந்திருக்காருய்யா! எங்க சார் இருக்கீங்க? பச்சைக் கொடி காட்டுங்க!”

கூட்டம் சிரித்தது. நரைத்த தலைகளையெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் விசிறியால் முகத்தை மூடிக்கொண்டேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் வலது கை கீபோர்டில் சங்கின் சுருதியைப் பிடித்தது. மூன்று சுரம். கேசட் தொடங்கும் அதே மூன்று. இடது கையை மேலே கொண்டுவந்தார். அது அங்கேயே நின்றது. பிறகு டிரம்ஸ்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஒன் டூ த்ரீ ஃபோர். தோய்ச்சாச்சா, காய்ஞ்சாச்சா.

கடைசியில் கோமளா என்னை அப்பளக் கடையின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கோட்டைக் கழற்றியிருந்தார். முதுகு முழுக்க வேர்வை. கோமளா ஒரு அப்பளத்தை நீட்டினாள்.

“ஆத்தாடி, மூஞ்சியையே மறைக்கும் போலருக்கே” என்று வாங்கிக்கொண்டார்.

“சார், அந்தச் சீட்டு நான் எழுதினது” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

“நீயா? அப்ப பத்திரிகையில எழுதினது?”

“அதுவும் நான்தான்.”

விழுந்து விழுந்து சிரித்தார். “வேன்ல வர்றப்ப அதைச் சத்தமா படிச்சுக்கிட்டே வந்தோம்மா. டிரம்ஸ்காரன் சொன்னான், பெருசுக்கு எண்பது வயசு இருக்கும்னு. தப்பா எடுத்துக்காத. நல்லாத்தான் எழுதியிருந்த.”

“ஏன் சார் நிறுத்திட்டீங்க?”

“இருபத்து மூணு நிமிஷம் யாரும்மா கேப்பா?”

“நான் கேப்பேன்.”

“நீ ஒருத்தி கேப்ப. அவனுக்குப் பாக்கெட்டு விக்கணுமே” என்று மேடைப் பக்கம் கையைக் காட்டினார்.

“பதினோராம் நிமிஷத்துல அந்தச் சுரம் லேட்டா வருதே, அது தப்பு இல்லதானே சார்? நீங்க வேணும்னுதானே அப்படி வாசிச்சீங்க?”

அவர் டீ கிளாஸைத் தரையில் வைத்தார். அப்பளத்தை அதன்மேல் வைத்தார்.

“அது நான் வாசிச்சதே இல்லம்மா.”

“அட்டையில உங்க பேருதான் போட்டிருக்கு.”

“அட்டையில போட்டிருக்கும்.” கையைத் துடைத்துக்கொண்டார். “அந்த மெதுவான பாகம் பூராவும் ஒரு நர்ஸு வாசிச்சது. பொன்மலைக் கோயில்ல காலால மிதிக்கிற ஆர்மோனியம் ஒண்ணு இருந்துச்சு, அதுல. பின்னால புஸ் புஸ்ஸுன்னு கேக்குமே, அது மிதிக்கிற துருத்தி. அந்த ஏழு தாளத்தைக் கண்டுபிடிச்சதும் அவங்கதான். என் இடது கைக்கு அது வரவே இல்ல. இந்தப் பதினஞ்சு வருசத்துல தனியா உக்காந்து எத்தனையோ தடவை முயற்சி பண்ணியாச்சு. இன்னிக்கும் பாத்தியே.”

நான் விசிறியின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டு நின்றேன்.

“நீ எந்தப் பக்கம்மா?”

“பொன்மலை.”

அவர் இப்போதுதான் என்னை முழுதாகப் பார்த்தார். ரிப்பன், நெற்றி, கை. “பேரு என்ன?”

“கோமளா” என்றேன்.

பக்கத்தில் நின்ற கோமளா வாயில் அப்பளத்தோடு என்னைப் பார்த்தாள்.

அவர் என் விசிறியை வாங்கி எழுதினார். ‘கோமளாவுக்கு அன்புடன்’. கீழே முழுப் பெயர். திருப்பிக் கொடுக்கும்போது விசிறியை உடனே விடவில்லை. “பொன்மலையில எல்லாரும் நல்லா இருக்காங்களா?”

“எல்லாரும்னா யாரு சார்?”

“சும்மா, ஊர்ல” என்றார்.

பாக்கெட்டுகளோடு போட்டோ எடுக்க அவரைக் கூப்பிட்டார்கள். கோட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

வீட்டுக் கதவை அம்மாதான் திறந்தாள். டூட்டி மாற்றிக்கொண்டாளாம். ஸ்பெஷல் கிளாஸ் எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. கையிலிருந்த விசிறியை வாங்கிப் பார்த்தாள். எழுத்தின்மேல் கட்டைவிரலை ஒரு தடவை ஓட்டினாள்.

“உன் பேரை ஏன் சொல்லல?”

“பயமா இருந்துச்சும்மா.”

“சாப்பிடு. ரசம் சூடா இருக்கு” என்றாள்.

பிப்ரவரி 9, திங்கள்

அம்மா அடுப்பு மேடையில் தட்டினாள். பால் பொங்கியது. மூன்று, நான்கு. நான் எண்ணினேன்.

பிப்ரவரி 11, புதன்

கோமளா என்னோடு சண்டை. “என் பேர்ல எதுக்குடி கையெழுத்து வாங்கின? அப்ப விசிறியை எனக்குக் குடு” என்கிறாள். நியாயம்தான். கொடுக்க முடியவில்லை. கேசட்டைத் தொட்டு நான்கு நாள் ஆகிறது. ஒன்பது மாதமாக நான் ஏங்கிய கை மெட்ராஸில் இல்லை, தினமும் எனக்குத் தலை பின்னிவிடுகிறது. இதை எழுதினால் நிம்மதி வரும் என்று நினைத்தேன். மெட்ராஸ் கை இன்னும் வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

மதியம். மாமா பாடகர் குழுவோடு கோயிலுக்குப் போயிருந்தார். நான் தரையில் புவியியல் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். தவக்காலத் தியானம், பகுதி 2. டேப் ரிக்கார்டரில் போட்டாள். சத்தத்தை ஒன்றில் வைக்கவில்லை. ஆறில் வைத்தாள்.

சங்கு வீட்டுக்குள் ஊதியது. எதிர்வீட்டு நாய் குரைத்தது. அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரைக்காய் உரிக்க உட்கார்ந்தாள். பத்து நிமிடம் கிதாரும் டிரம்ஸும் ஓடின. ஆர்கன் வந்தபோது அவள் உரிப்பதை நிறுத்தினாள். சேலைக்குள் அவள் கால்கள் இரண்டும் மாறி மாறித் தரையை மிதித்தன.

“பேர் போட வேணாம்னு சொன்னதே நான்தான்” என்றாள். “கோயில்ல வாசிக்கிற பொண்ணு, பாண்டு வாத்தியக்காரங்களோட பேர் வந்தா பேசுவாங்கன்னு நெனச்சேன். போடலாம்னு உங்கப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போட்டிருப்பேன். அவர் சொல்லல.”

உங்கப்பா. அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து முதல் தடவையாகக் கேட்டேன்.

“மெட்ராஸ் கம்பெனியில, நாலு நிமிஷமா வெட்டிக் குடுங்கன்னு கேட்டாங்க. மெதுவா வர்ற பாகம் வேணாம்னாங்க. அவர் வெட்டினார். நான் கூடப் போகல. வெட்டாதது ஒண்ணு இருக்கட்டும்னு தியானத்துக்குள்ள வெச்சேன். அதோட ஆர்மோனியத்தையும் விட்டேன்.”

“அப்ப அவர் கெட்டவராம்மா?”

ஓர் அவரையை உரித்து முடிக்கும்வரை யோசித்தாள். “இல்லடி. நல்லா கேக்கத் தெரிஞ்சவர். நான் வாசிக்கிறதை அவர் மாதிரி யாரும் கேட்டதில்ல. காத்திருக்கத்தான் தெரியாது.”

அப்போது அந்த இடம் வந்தது. இடது கை இறங்கி வந்தது. ஒரு நொடி எதுவும் இல்லை. பிறகு சுரம்.

அம்மா எழுந்து தன் செபப் புத்தகத்தை எடுத்தாள். உள்ளே மடித்து வைத்திருந்த காகிதத்தை விரித்தாள். கார்டு ரத்தினத்தின் கடிதம். “தயங்கத் தெரிந்த மனம்” என்ற வரியின் கீழே நகத்தால் கோடு போட்டமாதிரி ஒரு தடம்.

“எழுதினது நீதான்னு படிச்ச உடனே தெரியும். ஆனா அந்தப் பத்திரிகைக்காரன் சொன்னதுதான் சரி. அது தப்பு.”

“தப்பா?”

“விரல் தப்பிருச்சு. மறுபடி வாசிக்கலாம்னா கோயிலை நாலு மணிக்குப் பூட்டணும், நேரமில்ல.” என்னைப் பார்த்தாள். சிரிப்பா என்று தெரியவில்லை. “எட்டாம் மாசம். மிதிச்சு மிதிச்சு மூச்சு வாங்குது. சரியா அந்த எடத்துல உள்ள இருந்து ஒரு உதை விட்ட பாரு, கை தன்னால நின்னுருச்சு. அப்புறம்தான் எனக்கு அடுத்த சுரமே ஞாபகம் வந்துச்சு.”

கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. நான் வரைபடத்தில் வங்காள விரிகுடாவுக்கு நீலம் அடித்தேன். அடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப அடித்தேன். தாள் கிழிந்துவிட்டது.

“திரும்ப வாசிப்பியாம்மா?” என்று கேட்டேன்.

“அந்த ஆர்மோனியத்தைக் கரையான் தின்னு எட்டு வருசம் ஆச்சு” என்றாள். முறத்தின் விளிம்பில் அவள் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

பிப்ரவரி 16, திங்கள்

இன்றைக்கு அம்மா விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. கடிதத்தை இங்கே ஒரு தடவை எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு தாளில் எழுதப் போகிறேன்.

“ஐயா, கார்டு ரத்தினம் என்ற பெயரில் உங்களுக்கு எழுதியது நான். எனக்குப் பதினைந்து வயது. எந்த ரயிலையும் எந்த லைனிலும் அனுப்பியதில்லை. நீங்கள் எழுதியது சரி. ‘ஆறு மணிச் சங்கு’ பதினோராம் நிமிடத்தில் வருவது தப்பிய விரல்தான். ஆனால் அது அட்டையில் பெயர் உள்ளவரின் விரல் அல்ல. பொன்மலையில் நர்ஸாக இருக்கும் ரெஜினா என்பவரின் விரல். அந்தப் பெயரை ஒரு தடவையாவது அச்சில் போடுங்கள். அந்த மெதுவான பாகம் போன பிறகுதான் லூப் லைன் நீங்கள் சொல்லும் கடையானது. அதற்கு முன்னால் அது கடையாக இருந்ததில்லை. எனக்கு அது உறுதியாகத் தெரியும். விரலைத் தப்பவைத்தது நான். அன்று நான் அங்கே இருந்தேன், இன்னும் பிறந்திருக்கவில்லை.”

கீழே பெயர் எழுதும்போது இனிஷியலில் பேனா நின்றது. ஒரு நொடிதான். அப்புறம் இரண்டையும் போட்டேன்.

எ. ரெ. ஐரீன்.